உதவி தேவை: வீட்டு நேரலையில் வெளியூரில் இருக்கும் இரண்டு இணை நெறியாளர்களை முகத்தோடு சேர்ப்பது எப்படி?

ஜெலுத்தோங் வாசகி | சனி, காலை 7:40

வணக்கம். பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முன்னறையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு 8:30க்கு யூடியூபில் ஒரு நேரலை நடத்துகிறேன். ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைப் பேச வைப்பதுதான் நிகழ்ச்சி. பிரட்டுக்களம் (விடியற்காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்), கங்காணி (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இதுவரை கேமராவில் நான் மட்டும்தான். மற்றவர்கள் தொலைபேசிக் குரலாக வந்துபோனார்கள். இப்போது இரண்டு பேர் நிரந்தரமாக என்னோடு சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் பெரியம்மா, வயது 71. இன்னொருவர் சென்னையில் படிக்கும் தம்பி. நமக்கு 8:30 என்றால் அவருக்கு மாலை 6 மணி.

நேற்று முதல் தடவையாக மூவரும் சேர்ந்து நடத்தினோம். ஒரு காணொலிச் சந்திப்புச் செயலியில் அவர்களை அழைத்து, அந்தச் சன்னலை ஓபிஎஸ்ஸில் (நேரலை அனுப்பும் மென்பொருள்) பிடித்துக் காட்டினேன். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் சந்திப்பு அறுந்தது. மடிக்கணினி பழையது (ஐ5, 8 ஜிபி), விசிறி அலறியது, 'என்கோடிங் ஓவர்லோடட்' (கணினியால் தாங்க முடியவில்லை) என்று ஓபிஎஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பிரட்டுக்களத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடுவதைப் பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குரலே அவருக்குத் திரும்பிக் கேட்டது. இரண்டு தடவை நிறுத்தினார். "நான் அப்புறம் பேசுறேன்மா" என்றார். அதன் பிறகு கடைசி வரை வாய் திறக்கவே இல்லை. அது என்னை மிகவும் வருத்திவிட்டது.

150 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவழிக்க முடியும். மாதச் சந்தா கட்ட வசதி இல்லை. வழி சொல்லுங்கள்.

செந்தூல் அக்கா | சனி, காலை 9:05

தங்கச்சி, உங்கள் கணினி மூச்சு வாங்குகிறது என்றால் ஸ்ட்ரீம்யார்டு போன்ற ஒன்றை முதலில் பாருங்கள். எல்லாம் பிரவுசரிலேயே நடக்கும். முகங்களைச் சேர்க்கும் வேலை அவர்களுடைய சர்வரில் நடப்பதால் உங்கள் கணினிக்குப் பாரம் குறைவு. இலவசத் திட்டத்தில் அவர்களின் சின்னம் திரையில் நிற்கும். நான் எங்கள் பெண்கள் குழுவுக்கு அப்படித்தான் தொடங்கினேன்.

பிறைக்காரன் | சனி, காலை 10:30

அக்கா சொல்வது சுலபமான வழிதான். ஆனால் ஓபிஎஸ் ஏற்கெனவே பழகியவருக்கு விடிஓ நிஞ்சா என்று ஒன்று இருக்கிறது. முன்பு ஓபிஎஸ் நிஞ்சா என்ற பெயரில் இருந்தது. இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை, சின்னமும் கிடையாது, 40 நிமிடக் கணக்கும் கிடையாது.

அதன் தளத்தில் ஓர் அறை திறந்தால் உங்களுக்கு இயக்குநர் பக்கம் வரும். விருந்தினர்களுக்கு ஒரு இணைப்பை அனுப்புங்கள். அவர்கள் கைத்தொலைபேசியின் பிரவுசரிலேயே அதைத் திறந்து கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி இணைப்பு உங்கள் பக்கத்தில் தெரியும். அதை ஓபிஎஸ்ஸில் 'பிரவுசர் சோர்ஸ்' ஆகச் சேருங்கள். பெரியம்மா ஒரு கட்டம், தம்பி ஒரு கட்டம். நீங்கள் விரும்பும் இடத்தில், விரும்பும் அளவில் வைத்துக்கொள்ளலாம். சன்னலைப் பிடித்துக் காட்டும்போது செயலியின் பொத்தான்கள், பெயர்ப் பட்டை எல்லாம் கூடவே வருமே, அந்தத் தொல்லை இல்லை.

இது வெப்ஆர்டிசி முறையில் ஓடுகிறது. படம் பெரும்பாலும் இடையில் எந்தச் சர்வரிலும் ஏறாமல் அவர்கள் கைப்பேசியிலிருந்து நேராக உங்கள் கணினிக்கு வரும். அதனால்தான் இலவசமாகக் கொடுக்க முடிகிறது. அதனாலேயே பாரம் உங்கள் இணையத்தின் மீதும் அவர்களின் இணையத்தின் மீதும் விழுகிறது. ஒரு விருந்தினரின் படம் ஏறக்குறைய 2500 கேபிபிஎஸ்ஸில் (விநாடிக்கு இத்தனை கிலோபிட்; 1000 சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்) வரும். இரண்டு பேருக்கு 5 எம்பிபிஎஸ் டவுன்லோடு. அது பெரிய விஷயம் இல்லை. யூடியூபுக்கு நீங்கள் அனுப்பும் அப்லோடுதான் முக்கியம். 720பி, 30 பிரேம், 3000 கேபிபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல் இரண்டு மடங்காவது அப்லோடு கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், ஓபிஎஸ்ஸில் என்கோடரை (படத்தைச் சுருக்கும் பகுதி) எக்ஸ்264இலிருந்து இன்டெல் க்விக்சிங்குக்கு மாற்றுங்கள். உங்கள் ஐ5இல் இருக்க வாய்ப்பு அதிகம். விசிறிச் சத்தம் பாதியாகும்.

உங்கள் அப்லோடு எவ்வளவு?

ஜெலுத்தோங் வாசகி | சனி, மதியம் 1:15

முன்னறையில் வைஃபையில் சோதித்தால் 6இலிருந்து 11 எம்பிபிஎஸ் வரை ஏறி இறங்குகிறது. மோடம் அறைக்குள் இருக்கிறது, நடுவில் இரண்டு சுவர்.

பிறைக்காரன் | சனி, மதியம் 1:40

வேகத்தைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் நேரலையைக் கொல்லும். 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்றை வாங்கிச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். உங்கள் பினாங்குக் கொம்தார் கட்டடத்தைச் சுற்றியுள்ள கணினிக் கடைகளில் கிடைக்கும். 150 வெள்ளியில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். புதுக் கேமரா இப்போது வேண்டாம்.

ஜெலுத்தோங் வாசகி | செவ்வாய், இரவு 10:50

கேபிள் போட்டாயிற்று. அப்லோடு 28இல் அசையாமல் நிற்கிறது. க்விக்சிங்கும் மாற்றினேன், 'ஓவர்லோடட்' வரவே இல்லை. இன்று யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி) ஒரு ஒத்திகை நடத்தினோம். படம் அருமை. பெரியம்மா கண்ணைச் சுருக்கிச் சிரிப்பது கூடத் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் மூன்று சிக்கல். என் வெப்கேமை ஓபிஎஸ் பிடித்துக்கொண்டதால் இயக்குநர் பக்கத்தில் அது வரவில்லை, அவர்களால் என்னைப் பார்க்க முடியவில்லை. பதிவைக் கேட்டால் அவர்கள் இருவர் குரலும் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது; என் குரல் நன்றாக இருக்கிறது. மூன்றாவது, தம்பி பேசி முடித்துப் பல விநாடி கழித்து அவர் பேசியது முழுதும் மறுபடி நேரலைக்குள் கேட்டது.

பிறைக்காரன் | செவ்வாய், இரவு 11:10

முதலாவதற்கு மட்டும் நான் சொல்கிறேன். விண்டோஸில் பொதுவாக ஒரு வெப்கேமை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பயன்படுத்தும். ஓபிஎஸ்ஸில் 'ஸ்டார்ட் விர்ச்சுவல் கேமரா' பொத்தான் இருக்கிறது (2020இல் வந்த 26ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது). அதை அழுத்திவிட்டு இயக்குநர் பக்கத்தில் கேமராவாக 'ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமரா'வைத் தேர்ந்தெடுங்கள். நேரலையில் போகும் முழுத் திரையும் அவர்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

ஒலிக்குக் கிள்ளான் அண்ணன்தான் சரியான ஆள்.

கிள்ளான் ஒலிக்காரர் | புதன், காலை 6:30

தங்கச்சி, கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் 20 வருடமாக ஒலி பார்க்கிறேன். எதிரொலி என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதுதான். அந்த நேரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

குடத்துக்குள் பேசுவது போல் இருந்தால் ஒரே குரலின் இரண்டு நகல்கள் மிகச் சிறிய இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. காது அவற்றை இரண்டாகப் பிரிக்காது, சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் குரல் உள்ளீடற்றுக் கேட்கும். உங்களிடம் அந்த இரண்டு நகல் எங்கே என்று பாருங்கள். பெரியம்மா குரல் பிரவுசர் சோர்ஸ் வழியாக ஓபிஎஸ்ஸுக்குள் வருகிறது. அதே குரல் இயக்குநர் பக்கம் திறந்திருக்கும் குரோமிலும் ஒலிக்கிறது. ஓபிஎஸ்ஸில் 'டெஸ்க்டாப் ஆடியோ' திறந்திருந்தால் குரோமில் ஒலிப்பதையும் அது அள்ளிக்கொள்ளும். உங்கள் குரல் மைக் வழியாக ஒரே தடவை போவதால் அது மட்டும் சுத்தமாக இருக்கிறது.

'டெஸ்க்டாப் ஆடியோ'வை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிரவுசர் சோர்ஸின் அமைப்பிலும் 'கன்ட்ரோல் ஆடியோ வயா ஓபிஎஸ்' என்பதில் டிக் போடுங்கள். அப்போது பெரியம்மாவுக்கு ஒரு ஒலிக்கட்டை, தம்பிக்கு ஒரு ஒலிக்கட்டை என்று மிக்சரில் தனித்தனியாக வரும், ஏற்ற இறக்க வசதி. நீங்கள் அவர்களைக் கேட்பது குரோமிலிருந்து, உங்கள் காதுக்குழாயில் மட்டும்.

அரை விநாடி, முக்கால் விநாடி கழித்து ஒருவருக்குத் தன் குரலே கேட்டால் குற்றவாளி அவர் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் யாரோ ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருக்கிறார், அவர் மைக் அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. போன வெள்ளி பெரியம்மாவைப் பேச விடாமல் செய்தது அதுவாகத்தான் இருக்கும். நீங்களோ தம்பியோ அன்று காதில் எதுவும் மாட்டியிருக்க மாட்டீர்கள். தன் குரல் சற்றே தாமதமாகத் திரும்பிக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்கு குழறும், பழகிய பேச்சாளரே தடுமாறுவார். பெரியம்மா மேல் தப்பே இல்லை, இதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பல விநாடி கழித்து வருவது யூடியூபின் தாமதம். தம்பி நேரலைப் பக்கத்தைப் பிரவுசரின் இன்னொரு டேபில் திறந்து வைத்திருந்திருப்பார். கருத்து வாசிக்க வேண்டும் என்றால் ஒலியை அடைத்துவிட்டு வாசிக்கட்டும்.

மீதிக் காசில் மூவருக்கும் கம்பியுள்ள காதுக்குழாய் வாங்குங்கள். புளூடூத் வேண்டாம். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது அதன் ஒலித்தரம் பழைய தொலைபேசி போல இறங்கிவிடும். பெரியம்மா கைப்பேசியில் உருண்டைத் துளை இருக்கிறதா, டைப்-சி மட்டும்தானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜெலுத்தோங் வாசகி | புதன், இரவு 9:20

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. டெஸ்க்டாப் ஆடியோ திறந்துதான் இருந்தது. அணைத்ததும் குடம் போய்விட்டது. தம்பியும் டேபைத் திறந்து வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார். போன வெள்ளி நான் ஒலிபெருக்கியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மாவை அழைத்து, தடுமாற்றம் என்னால் வந்தது என்று சொன்னேன். "அப்படியா, எனக்குத்தான் வயசாச்சுன்னு நெனச்சேன்" என்றார். ஐந்து நாளாக அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. இன்று ஒத்திகையின் நடுவே அவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைப்பு வந்து கேமரா நின்றுவிட்டது. மறுபடி உள்ளே வரத் தெரியவில்லை.

செந்தூல் அக்கா | புதன், இரவு 10:00

என் மாமியாரோடு பட்ட பாடு இது. கைப்பேசியை விமான நிலையில் (ஏர்பிளேன் மோடு) போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்தால் சாதாரண அழைப்பு வராது. புலன அழைப்பு வைஃபையிலும் வரும், அதனால் அந்த ஒரு மணி நேரம் அதன் அறிவிப்புகளை நிறுத்தி வையுங்கள். குடும்பக் குழுவிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது.

இணைப்பைப் பிரவுசரில் திறந்து, முகப்புத் திரையில் ஒரு ஐகானாகப் போட்டு வையுங்கள். அறுந்தால் அதைத் தொட்டாலே போதும். முகநூல் மெசஞ்சரில் இணைப்பை அனுப்பாதீர்கள், அதற்குள்ளேயே திறந்து கேமரா வராமல் போகலாம். கைப்பேசியைக் குறுக்கே படுக்க வைத்து, கண் மட்டத்தில், சன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல். சார்ஜர் செருகியே இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது முதல் பத்து நிமிடம் கூட இருந்தால் நல்லது.

ஜெலுத்தோங் வாசகி | வெள்ளி, இரவு 11:35

இன்றைய நேரலையை நல்லபடியாக முடித்தோம். 1 மணி 20 நிமிடம், ஒரு தடவை கூட அறுபடவில்லை. பிரட்டுக்களத்துக் கதையை விட்ட இடத்திலிருந்து பெரியம்மாவே எடுத்தார். விடியற்காலை மணி, இருட்டில் வரிசை, பெயர் கூப்பிட்டால் அவர் அம்மா கொடுக்கும் பதில் குரல், அதை அப்படியே செய்து காட்டினார். சென்னைத் தம்பி கேள்வி கேட்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

செலவு: கேபிள், மூன்று காதுக்குழாய், ஒரு கைப்பேசித் தாங்கி, மொத்தம் 118 வெள்ளி.

அடுத்த மாதம் ஈப்போவிலிருந்து ஒரு ஐயா சேர விரும்புகிறார், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தர்) இருந்தவர். மூன்றாவது ஆளை இதே கணினி தாங்குமா?

பிறைக்காரன் | சனி, காலை 8:10

மகிழ்ச்சி! யூடியூபுக்குப் போகும் அப்லோடு அதிகமாகாது, எத்தனை பேர் வந்தாலும் அது ஒரே படம்தான். உங்கள் படம் அவரவருக்குத் தனித்தனியாகப் போவதால் அதில் கொஞ்சம் ஏறும், 28 தாராளம். பாரம் கணினிக்குத்தான்: மூன்று படங்களை விரித்துக் காட்ட வேண்டும். திரையில் சிறிய கட்டமாக வரும் ஆளுக்கு 2500 வீண், ஓபிஎஸ்ஸில் போடும் இணைப்பின் கடைசியில் பிட்ரேட் (கேபிபிஎஸ்) அளவை 1200 என்று சேர்த்துவிடுங்கள். வியாழன் இரவு ஒத்திகை வைத்தால் சொல்லுங்கள், நான் மூன்றாவது ஆளாக உள்ளே வந்து பார்க்கிறேன்.