வழிபாட்டுக் கூடத்தின் கலைப்பணியை முழுநேரமாக ஏற்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் பகுதி வழிபாட்டுக் கூடத்தின் பின்னறையில் மாலை நேரங்களில் சிறுவர்களுக்கு ஓவியமும் நாடகமும் கற்பித்து வருகிறேன். இந்தத் தெருக்களை விட்டுப் போக மனமில்லாததால், பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரப் பணியாக ஏற்கலாமா என்று யோசிக்கிறேன். இது இறையழைப்பா, வெறும் ஊர்ப்பாசமா என்று எப்படி அறிவது?

பதில் 1:
இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும் என்று நான் கருதவில்லை. ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமத்தார், கொள்ளைநோயிலிருந்து காக்கப்பட்டால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவதாக 1633இல் நேர்ந்துகொண்டு, 1634இல் முதன்முறை அதை நடத்தினார்கள். அந்த நேர்த்திக்கடன் இன்றும் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை நிறைவேற்றப்படுகிறது. அங்கே பிறந்தவர்கள் அல்லது 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களே பெரியவர்களுக்கான வேடங்களை ஏற்கலாம். ஊர்ப்பற்று அங்கே பக்திக்கு இடையூறாக இல்லை, அதற்கு நிபந்தனையாகவே இருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த நடிகர்களில் பெரும்பாலோருக்கு வேறு தொழில் உண்டு என்பதையும் நண்பர் கவனிக்க வேண்டும். (அழைப்பைப் பற்றி உருக்கமாகப் பேசுபவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது ஏனோ தெரியவில்லை.) சிறுவர்கள் பாதி தீட்டிய சுவரோவியத்தைப் பார்த்து, "இதில் நம் சமயச் சின்னம் எங்கே?" என்று நிர்வாகக் குழு கேட்டால் இறுதி முடிவு யாருடையது, பிற சமயப் பிள்ளைகள் வழிபாட்டில் கலந்துகொள்ளாமலே வகுப்புக்கு வரலாமா என்பவற்றை முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை பகுதிநேரமாகவே தொடருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சுவரோவியக் கேள்வியை அடுத்த குழுக் கூட்டத்திலேயே எழுப்புகிறேன்.