புதுப்பிப்பு: பளைப் புகையிரத நிலையம், 1990க்குப் பின்

இலங்கையின் வடபகுதி ரயில் பாதை முழுமையடைந்த 1905 முதல், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ்தேவி ரயில் நின்றுபோன 1990 யூன் வரையான, கிளிநொச்சி மாவட்டத்துப் பளை நிலையத்தின் கதையை முன்பு எழுதியிருந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட, தென்னந்தோப்புகளுக்கு நடுவே பற்றை மூடிய தடம் மட்டுமே எஞ்சியது. இந்தியக் கடனுதவியுடன் இந்திய அரசின் ரயில்பாதைக் கட்டுமான நிறுவனமான இர்கான் பாதையைப் புதிதாக அமைத்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு வந்த ரயில், 2014 மார்ச் 4 அன்று பளையை அடைந்தது. ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாண நிலையம் திறக்கப்படும்வரை, ஏழு மாதங்களாக இச்சிறிய ஊரே பாதையின் கடைசி நிலையமாக இருந்ததை நான் பெருமையாகவே கருதுகிறேன்: கொழும்பிலிருந்து வந்தவர்கள் பயணப் பொதிகளோடு இங்கே இறங்கி, பஸ் பிடித்துத்தான் யாழ்ப்பாணம் போனார்கள்.