வெறும் சோளத்தட்டுல ஆட்டுக்குட்டி எடை ஏற மாட்டேங்குது, கூட என்ன குடுக்கலாம்?

தாராபுரம்_பட்டி:
வணக்கம்ங்க. பரண் கொட்டாய் போட்டு தலைச்சேரி கிராஸ் கிடாக்குட்டிங்க வச்சிருக்கேன். மழை இல்லாம கொரங்காடு (மேய்ச்சல் காடு) மொட்டையா கிடக்குது, அதனால ரெண்டு நேரமும் சோளத்தட்டு, அதாவது காஞ்ச சோளத்தண்டு, வெட்டிப் போடறேன், கூட கொஞ்சம் கடலைக்கொடி, அவ்வளவுதான். ஆறு மாசக் குட்டி 11, 12 கிலோவுலயே நிக்குது, வயிறு மட்டும் பானையாட்டம் இருக்குது. வியாபாரி வந்தவர் இடுப்புல கை போட்டுப் பாத்துட்டு "கறி இல்லீங்க"ன்னு விலை கூட பேசாம வண்டிய எடுத்துட்டார். பக்ரீத்துக்குள்ள தேத்தணும். ஒருத்தர் மக்காச்சோளம் போடுங்கறார், இன்னொருத்தர் பிராய்லர் கோழித்தீவனம் போட்டா சல்லுனு ஏறும்ங்கறார். எதுங்க சரி?

கரிசல்_கிடை:
கோழித்தீவனம் கோழிக்கு அண்ணாச்சி. சொன்னவர் பட்டியில முதல்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

தீவனக்கணக்கு:
தம்பி, உங்க குட்டிக்கு வயிறு நிறையுது, ஆனா புரதம் போகல, அதான் விஷயம். சோளத்தட்டுல புரதம் 3, 4 சதவீதம்தான் இருக்கும். மொத்தத் தீனியில 7 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா இரைப்பையில இருக்கற நுண்ணுயிரே பட்டினி, தட்டை செரிக்க ஆள் இல்ல, பழைய தீனி உள்ளயே நிக்கும், அப்புறம் குட்டி புதுசா எங்க திங்கும்? அந்தப் பானை வயிறு பாதி அதான், மீதி குடல்புழுவா இருக்கலாம், சாணிய டாக்டர்ட்ட குடுத்துப் பாத்துட்டு மருந்து ஊத்துங்க. புழுவோட புண்ணாக்கு போட்டா காசு புழுவுக்குத்தான் போகும்.

வளர்ற குட்டிக்கு மொத்தத்துல 14லருந்து 16 சதவீதம் வேணும். மக்காச்சோளம் மட்டும் போட்டா பத்தாது, அதுலயே 9 சதவீதம்தான். நான் கலக்கறது 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 31, தாது உப்பு 2, கால்சைட் (சுண்ணாம்புக்கல் தூள்) 1, கல்லுப்பு 1. மக்காச்சோளத்த மாவா அரைக்காம ரவையாட்டம் உடைச்சுக்கங்க. ஒரு குட்டிக்கு 50 கிராம்ல ஆரம்பிச்சு பத்து நாள்ல மெதுவா 200 கிராமுக்குக் கொண்டு போங்க, அதையும் ரெண்டு நேரமா பிரிச்சு, தட்டு கொஞ்சம் தின்ன பிறகு வைக்கணும். ஒரேயடியா வச்சா வயித்துல அமிலம் ஏறி படுத்துடும், கல்யாண வீட்டு மிச்ச சோறு தின்னு ஆடு சாகறது இப்படித்தான். துள்ளுமாரி (திடீர்னு ஆட்டைக் கொல்ற குடல் நோய்) தடுப்பூசி போடாம இந்த அடர்தீவனக் கலவையத் தொடவே வேண்டாம். புண்ணாக்குல பூசணம் இருந்தா விலை பாதியா இருந்தாலும் வாங்காதீங்க.

கரிசல்_கிடை:
கணக்கு அண்ணன் சொன்னது சரிதான், ஆனா அதுக்கு முந்தி வேலியப் பாருங்க. அகத்தி, சவுண்டல் (சூபாபுல்), வேலிமசால் தழை எல்லாமே புரதம்தான், ஒரு தடவ வச்சா வெட்டிக்கிட்டே இருக்கலாம். சவுண்டல மட்டும் மொத்தத் தீனியில மூணுல ஒரு பங்குக்கு மேல போடாதீங்க, முடி கொட்டும். உங்க பக்கம் வெள்வேல மரம் இருக்குமே, அந்தக் காய் விழுற சமயத்துல பொறுக்கிக் காயவச்சு மூட்டை கட்டி வைங்க. எங்க ஊர்ல சீமைக்கருவேலக் காயவே இடிச்சுப் போடுதோம், ஊரே அந்த மரத்தத் திட்டுது, ஆடு மட்டும் திட்டல.

தாராபுரம்_பட்டி:
ரொம்ப நன்றிங்ணா. கடலைக்கொடி கொஞ்சம் அதிகமா வாங்கிப் போட்டா புண்ணாக்க குறைக்கலாமுங்களா? அப்புறம் தட்டுல யூரியா தெளிச்சுப் போடலாம்னு மச்சான் சொல்றான், பண்ணலாமா?

தீவனக்கணக்கு:
கடலைக்கொடி நல்லதுதான், இலை உதிராம பச்சை மாறாம காஞ்சதா பாத்து வாங்கினா 8, 10 சதவீதம் வரும், அது தட்டுக்கு மாத்து, புண்ணாக்குக்கு மாத்து இல்ல. வெறும் குச்சியா இருந்தா தட்டே மேல்.

யூரியாவ அப்படியே தெளிச்சுப் போட்டா ஆடு செத்துடும், மச்சான்கிட்ட சொல்லிடுங்க. முறையா பண்ணறதுன்னா 100 கிலோ காஞ்ச தட்டுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, தார்ப்பாய் போட்டு காத்து புகாம 21 நாள் மூடி வச்சு, அப்புறம் ஆறவிட்டுப் போடணும். பெரிய ஆட்டுக்கு ஓகே, உங்க குட்டிங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்னு, எடையில ஏமாறாதீங்க. தட்டு மட்டும் தின்ன ஆடு 20 கிலோ உயிர் எடை காட்டும், அறுத்தா 8 கிலோ கறி வர்றதே பெருசு, மீதி வயித்துச் சரக்கு. நல்லா தேத்தினது 9, 10 வரும். வியாபாரி அதத்தான் இடுப்புல தேடினார்.

கரிசல்_கிடை:
கிடாக்குட்டிக்கு தவிடும் மக்காச்சோளமும் கூடினா மூத்திரக் குழாயில கல்லடைப்பு வரும், காயடிச்சதுன்னா இன்னும் சீக்கிரம். கால்சைட்ட விட்றாதீங்க, தொட்டியில எப்பவும் நல்ல தண்ணி இருக்கட்டும். மூத்திரம் சொட்டுச் சொட்டா வந்து முக்குச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே டாக்டருக்கு போன் போடுங்க.