ஜோபர்கில் ரெப்ளிகா இருந்தால் பேக்கப் எதற்கு?

டர்பன் சர்வர்காரன்
எங்கள் கம்பெனிக்குச் சரக்குப் போக்குவரத்துத் தொழில். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு வாடகை டேட்டா சென்டரில் எழுபது விஎம் (மெய்நிகர் கணினி) ஓடுகிறது, மொத்தம் 12 டிபி. இப்போது ஜோபர்கிலும் (ஜோஹன்னஸ்பர்க்) ஓர் இடம் எடுத்தாயிற்று, நடுவில் 200 எம்பிபிஎஸ் லைன். எல்லா விஎம்மையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே ரெப்ளிகேட் பண்ணு (மாறியதையெல்லாம் அங்குள்ள நகலில் ஏற்று), ராத்திரி பேக்கப்பை நிறுத்து, லைசென்ஸ் காசு மிச்சம் என்கிறார் முதலாளி. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு டர்பன் மேலேயே நம்பிக்கை இல்லை. எனக்கும் இது சரியென்றுதான் படுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

பேக்கப் பைத்தியம்
நிறுத்தாதீர்கள். ரெப்ளிகா கட்டடம் போனால் காப்பாற்றும், டேட்டா கெட்டால் காப்பாற்றாது. பணம் கேட்டு டேட்டாவைப் பூட்டும் ரான்சம்வேர் ராத்திரி 2 மணிக்கு டிஸ்க்கைப் பூட்டினால் 2:05க்கு அதே பூட்டு ஜோபர்கிலும் விழுந்திருக்கும். 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது சைபர் தாக்குதல் நடந்து டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை முடங்கியதே, சரக்குத் தொழிலில் இருந்துகொண்டு அதை மறந்துவிட்டீர்களா? வெள்ளம் மட்டும்தான் பேரிடரா?

ஹைவெல்டு
இது பழைய பாட்டு அண்ணே. இப்போது பல ரெப்ளிகேஷன் கருவிகள் கடைசி நிலையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ரெப்ளிகாவில் மணிக்கொன்றாக 24 மீட்புப் புள்ளி (திரும்பிப் போகக்கூடிய பழைய நிலை) வைக்கலாம், ஸெர்டோ என்ற கருவியில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலை 30 நாள்வரை நீட்டலாம். 2 மணிக்குப் பூட்டினால் 1 மணி நிலைக்குப் போய் விஎம்மை எழுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பேக்கப்பிலிருந்து 12 டிபியை இறக்கி முடிப்பதற்குள் லாரிக்காரர்கள் யார்டில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

பேக்கப் பைத்தியம்
சரி தம்பி, அந்த 24 புள்ளியும் யார் கையில் இருக்கின்றன? டர்பன் ஹோஸ்டுக்கும் (விஎம்கள் ஓடும் இயந்திரம்) ஜோபர்க் ஹோஸ்டுக்கும் ஒரே டொமைன் (பொது லாகின் அமைப்பு), ஒரே அட்மின் பாஸ்வேர்டு. உள்ளே புகுந்தவன் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்து அந்தப் பாஸ்வேர்டை எடுத்த பிறகுதான் கை வைப்பான், முதலில் அழிப்பதும் மீட்புப் புள்ளிகளைத்தான். டொமைனில் சேராத தனிப் பெட்டி, தனி லாகின், குறித்த நாள்வரை யாராலும் அழிக்க முடியாத ரெப்பாசிட்டரி (நகல் கிடங்கு), இவ்வளவும் இருந்தால்தான் நான் அதை பேக்கப் என்பேன். அப்புறம் கணக்கு விவகாரம்: வரித்துறையான சார்ஸ் ஐந்து வருடத்துக் கணக்கை எடுத்துவை என்கிறது, உங்கள் ஜர்னலோ 30 நாளோடு சரி. ஜனவரியில் அழிந்த இன்வாய்ஸ் டேபிளை ஜூனில் ஆடிட்டர் கேட்டால்?

உம்லாங்கா அக்கா
இரண்டு பேரும் லைனைப் பார்க்காமலே சண்டை போடுகிறீர்கள். 200 எம்பிபிஎஸ்ஸில் 12 டிபி முதல் நகல் போய்ச்சேர, வேறெதற்கும் லைனைத் தொடாமல் இருந்தாலே ஐந்தரை நாள் ஆகும். முதல் நகலை டிஸ்க்கில் எடுத்து, என்கிரிப்ட் பண்ணி, என்3 நெடுஞ்சாலை வழியாக வண்டியில் அனுப்புவதே மேல். தினம் 400 ஜிபி மாறுகிறது என்று வைத்தால் அதற்கே நாலரை மணி நேரம். அதுவும் காலை 8 மணிக்கு டிஸ்பாட்ச் தொடங்கும்போது மாற்றம் குவியும், ஐந்து நிமிட இடைவெளி நாற்பது நிமிடமாகும். எழுபதுக்கும் ஏன் ஒரே சட்டம் தம்பி? ஆர்டர் டேட்டாபேஸும் டிஸ்பாட்சும் ஐந்து நிமிடம், மீதி நாலு மணிக்கொருமுறை, பிரின்ட் சர்வருக்கெல்லாம் ராத்திரி பேக்கப்பே தாராளம்.

டர்பன் சர்வர்காரன்
அக்கா, விற்பனைக்கு வந்தவர் ஸ்ட்ரெட்ச் கிளஸ்டர் (இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பு) போடுங்கள், ஒரு பைட்கூடப் போகாது என்றார். அது ஆகுமா?

ஹைவெல்டு
அதற்கு நானே வேண்டாம் என்பேன். சாலைவழி 570 கிலோமீட்டர். இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், போய்வர ஐந்தாறு மில்லிசெகண்ட் தூரத்துக்கே போய்விடும், நடுவிலுள்ள கருவிகள் எடுப்பது வேறு. விஎம்வேரின் விசான் ஸ்ட்ரெட்ச் கிளஸ்டருக்கு இரண்டு இடத்துக்கும் நடுவே போய்வர 5 மில்லிசெகண்டுதான் வரம்பு. டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவை உறுதிசெய்யும்போது) ஜோபர்க் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். போதாததற்கு மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி நோடு (எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தீர்க்கும் சர்வர்) வேண்டும். அதில்லாமல் லைன் அறுந்தால் இரண்டு பக்கமும் நான்தான் உயிரோடு இருக்கிறேன் என்று தனித்தனியாக எழுத ஆரம்பிக்கும். அதைப் பிறகு ஒட்டவைக்க எந்தக் கருவியாலும் முடியாது.

பேக்கப் பைத்தியம்
இதிலாவது ஒத்துப்போகிறோம். மூன்றாவது இடம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, அழிக்க முடியாத நகலை கேப் டவுன் ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட்) வையுங்கள். நாட்டுக்குள்ளேயே இருப்பதால் தனிநபர் தகவல் சட்டமான போபியாவின் வெளிநாட்டு விதிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் தண்ணீர் நிலையம் அடித்துப் போய் அந்த ஊரே மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்கு நின்றது. தண்ணீரில் குளிரூட்டும் டேட்டா சென்டருக்கு ஜெனரேட்டர் இருந்து என்ன பயன்? ஜோபர்கிலும் குழாய் அடிக்கடி வறள்கிறது, அதனால் இரண்டு இடத்தை மட்டும் நம்பாதீர்கள்.

ஹைவெல்டு
எல்லாரும் வங்கி நடத்துகிறார்களா அண்ணே? சின்னக் கம்பெனி. மூன்று இடத்துக்கு ரான்டு யார் தருவது?

உம்லாங்கா அக்கா
காசை விடுங்கள், ஜோபர்கில் ஒருதடவையாவது எழுப்பிப் பார்த்தீர்களா தம்பி? தனி நெட்வொர்க்கில் போட்டு எழுப்புங்கள். முதலில் ஆக்டிவ் டைரக்டரியும் (லாகினைச் சரிபார்ப்பது) டிஎன்எஸ்ஸும் (பெயருக்கு ஐபி முகவரி சொல்வது), அப்புறம் டேட்டாபேஸ், கடைசியில்தான் ஆப். மாற்றி எழுப்பினால் எல்லா விஎம்மும் பச்சை விளக்குக் காட்டும், ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. ஜோபர்க் சப்நெட் (நெட்வொர்க் முகவரித் தொகுப்பு) வேறு என்றால் ஐபியும் மாறும். டிரைவர் கையில் இருக்கும் ஸ்கேனர் பெயரைக் கேட்கிறதா, ஐபியைக் கேட்கிறதா?

டர்பன் சர்வர்காரன்
இப்போதுதான் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஐபியை நேரடியாகவே அடித்து வைத்திருக்கிறார்கள். எல்லா ஸ்கேனருக்கும் ஒரே செட்டிங் ஃபைல்தான்.

உம்லாங்கா அக்கா
அப்போது முதலாளியிடம் லைசென்ஸ் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அந்த ஃபைலை மாற்றுங்கள். டிஎன்எஸ் பெயர், டிடிஎல் (பழைய பதிலை நினைவில் வைக்கும் நேரம்) ஐந்து நிமிடம்.

ஹைவெல்டு
அதைச் செய்யுங்கள். ஆனாலும் பேக்கப் வாரம் ஒருமுறை போதும் என்பதுதான் என் கட்சி.

பேக்கப் பைத்தியம்
வாரம் ஒருமுறையா? ஆறு நாள் டெலிவரி கையெழுத்தை எந்த டிரைவரிடம் போய் மறுபடி வாங்குவாய் தம்பி?