பெரும்பாக்கம்: சுகர், பி.பி. உள்ள பெண்களுக்கு இரவு நேர ஏற்பாடு, உதவி தேவை

சென்னைப் புறநகரில், பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எங்கள் பிளாக்கில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு சுகரும் பி.பி.யும் இருக்கிறது. குடியிருப்பு இங்கே மாறிய பிறகும் வேலை சென்னைக்குள்தான். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். ஆனால் பகலில் வீடு பூட்டியிருக்கிறது. லீவு போட்டால் சம்பளம் போகும். அதனால் மாத்திரை தீர்ந்தால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பெரிய பயம் இதுதான்.

ஞாயிறு காலை நடைப்பயிற்சி ஆரம்பித்தோம். துணி, தண்ணீர், ரேஷன் எல்லாம் அன்றைக்கே என்பதால் நின்றுபோனது. சிறுதானியம் சொல்லிப் பார்த்தோம். ரேஷன் அரிசி இருக்கும்போது காசு கொடுத்து வாங்க முடியவில்லை, அது நியாயம்தான். உப்பு விஷயம் மட்டும் கொஞ்சம் பலித்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் என்று அளந்து காட்டியதும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தார்கள். பி.பி. பார்க்கும் டிஜிட்டல் கருவி இருக்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் எல்லோரும் கூடுவதற்குத் தரைத்தளத்தில் இடமும் உண்டு.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரவில் பரிசோதனையும் மாத்திரையும் கிடைக்கும்படி உங்கள் பகுதியில் யாராவது ஏற்பாடு செய்திருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள்?