யெஜி வால்டோர்ஃப்: எதை வைத்து மதிப்பிடுவது?

பியானோபித்தன்:
போலந்து இசை விமர்சகர் வால்டோர்ஃப் (1910–1999) பற்றி நேற்று இங்கே ஒருவர் "முசோலினி அரசைப் புகழ்ந்தவர், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனசு கேட்கவில்லை. வார்சாவின் பழைய பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டம் சிதைந்துகொண்டிருந்தபோது, 1974இல் அதைக் காக்கக் குழு அமைத்தவர் அவர். இறந்தோரை நினைக்கும் நவம்பர் 1 வந்தால் நடிகர்களும் கலைஞர்களும் அதன் பராமரிப்புக்காக அங்கே உண்டியல் ஏந்தி நிற்கும் வழக்கம் அவரால் வந்தது. ஜகோபனே என்ற மலை ஊரில் இசையமைப்பாளர் ஷிமனோவ்ஸ்கி வாழ்ந்த 'ஆட்மா' மரவீடு 1976இல் அருங்காட்சியகமானதும் அவர் விடாமல் எழுதி நிதி திரட்டியதால்தான்.

வரலாற்றுமாணவி:
அந்த ஒரு வரி என்னுடையது. 1939இல், பாசிச இத்தாலி கலையை எப்படிப் போற்றுகிறது என்று மெச்சி ஒரு புத்தகமே போட்டாரே! சட்டம் படித்த, பத்திரிகையில் விமர்சனம் எழுதிவந்த ஆள். விவரம் தெரியாத வயதா அது? அதே வருடம் செப்டம்பரில் முசோலினியின் கூட்டாளி ஹிட்லர் வார்சா மீது குண்டு போட்டான்.

பியானோபித்தன்:
புத்தகத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் போர் முடிந்ததும் அவர் செய்ததையும் பாருங்கள். இடிபாடுகளில் ஒளிந்து உயிர் தப்பிய யூதப் பியானோ கலைஞர் ஷ்பில்மனின் நினைவுகளை எழுத்தாக்கி 1946இல் வெளிவரச் செய்தவர் அவர்தான். 2002இல் போலான்ஸ்கி எடுத்த 'தி பியானிஸ்ட்' படத்துக்கு வேர் அதுதான்.

வரலாற்றுமாணவி:
அந்தப் பதிப்பில் ஷ்பில்மனுக்கு உதவிய ஜெர்மன் அதிகாரியை ஆஸ்திரியர் ஆக்கிவிட்டார்களே?

பழையவானொலி:
குறுக்கிடுகிறேன். அதை வால்டோர்ஃப் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 1946 போலந்தில் நல்ல ஜெர்மானியர் ஒருவரைப் பற்றி யார் அச்சிட விட்டிருப்பார்கள்? என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை வேறு. சிம்பொனி என்றால் பயந்து ஒதுங்கிய சாதாரண ஜனங்களிடம் வானொலியில் கதை சொல்வதுபோல் இசையைப் பேசினார். இசைக்கல்லூரிக்காரர்களுக்கு அது மேலோட்டமாகப் பட்டிருக்கலாம். எனக்கு அதுதான் விமர்சகனின் வேலை.

வரலாற்றுமாணவி:
சரி, ஆஸ்திரியர் விஷயத்தை விட்டுவிடுகிறேன். கல்லறைத் தோட்டம், ஆட்மா இரண்டும் அவர் சாதனை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே அவரைப் பற்றி எழுதிவைத்திருக்கும் அறிமுகத்தில் 1939 புத்தகம் பற்றி ஒரு சொல் கூட இல்லை. முதலில் அதைச் சேருங்கள்.

பியானோபித்தன்:
இன்று இரவே சேர்க்கிறேன். ஆட்மாவுக்கு மேலே, வருட வரிசையிலேயே வரும்.