கழன்ற திருகாணியும் மாரியம்மனுக்குப் போட்ட தகடும்

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

என் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். 2011 தை மாதம் திருமணம். ஆத்தூர்ப் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காட்டிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காடே இருக்கும். இங்கே பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்கள் அடுப்படியில் மணக்கும். மாமனார், மாமியார், கொழுந்தனார், கண் மங்கிய ஆயா, நாங்கள் இருவர். எங்களுக்கென்று இருந்த அறையின் கதவு முழுதாகச் சாத்தாது.

அவர் நல்லவர், ஆனால் பேசமாட்டார். காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனால் இரவு பத்து மணிக்கு வருவார். வைத்ததைச் சாப்பிடுவார். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்" என்பார். சண்டை போட்டாலாவது நான்கு வார்த்தை வரும் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் வந்த வீட்டில் குரல் உயர்த்த எனக்கு மனம் வரவில்லை.

முதல் மாதத்தில் ஒரு நாள் உண்மையாகவே என் கொலுசின் திருகாணி கழன்று, அதை நூலால் கட்டிக்கொண்டு நடந்தேன். இரவு சோறு போட வந்தபோது அவர் தலை நிமிரவே இல்லை. "வலது கால் சத்தம் மாறியிருக்கிறதே" என்றார். சாப்பிட்டு முடித்ததும் தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். சின்ன இடுக்கி ஒன்றால் திருகாணியைப் பொருத்திக்கொண்டே பேச ஆரம்பித்தார். வெள்ளியை உருக்குவது, கம்பியாக இழுப்பது, கண்ணி கோப்பது, வீடு வீடாகப் பெண்கள் பொடி வைத்துப் பற்ற வைப்பது, மணி கட்டுவது, மெருகு போடுவது என்று கால் மணி நேரம் சொன்னார். பதினான்கு வயதில் முதன்முதலாக ஊதுகுழல் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டதையும் சொன்னார். எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. இவருக்குப் பேச்சு வராமல் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும், கை ஓடினால் வாயும் திறக்கும்.

பிறகு கேட்பானேன்! வாரம் ஒரு முறை திருகாணி கழன்றது. நான்காவது முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தானாகக் கழன்றால் மரை தேய்ந்திருக்கும். இதில் மரை புதிதாகவே இருக்கிறது" என்றார். நான் விடவில்லை. "அப்படியென்றால் போன வாரம் நீங்கள் சரியாக முடுக்கவில்லை" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். அடுத்த அறையில் மாமியார் இருமினார்.

இந்தத் தந்திரத்தில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை. அடுத்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடே ஓமலூருக்கு ஒரு காதணி விழாவுக்குக் கிளம்பியது. திருமணமாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் இருவர் மட்டும் ஓர் இடத்துக்குப் போனதில்லை. மலை இதோ கண்ணெதிரே நிற்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, "நீ இவளோடு இரு" என்று மகனை நிறுத்திவிட்டுப் போனார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் எழுந்து, "என்னங்க, ஏற்காடு போகலாமா?" என்றேன். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருவரும் எண்ணிக்கொண்டே போனோம். இரண்டு நாட்களுக்கு முன் மேலே மழை பெய்திருந்ததால் காப்பிச் செடிகள் ஒரேயடியாகப் பூத்திருந்தன. கிளை முழுக்க வெள்ளை, மல்லிகையைப் போன்ற வாசனை. மழை பட்டால் ஒன்றாகப் பூத்துச் சில நாட்களில் உதிர்ந்துவிடும் பூ அது. நாங்கள் போன நாளில் அது வாய்த்தது. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டோம். லேடிஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தபோது, எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று அவர் விரல் நீட்டிக் காட்டினார். மாலை ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்து மறுபடி படுத்துக்கொண்டேன்.

அத்தை வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வழியெல்லாம் கவலையாக இருந்தது, விழாவில் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை என்றார். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். வயிறு உருவம் பொறித்த வெள்ளித் தகடு ஒன்று உண்டியலில் போட வேண்டும் என்று சொல்லி, "கடையில் எதற்கு? நீயே ஒன்று தட்டிக் கொடுத்துவிடு சாமி" என்று மகனிடம் சொன்னார்.

மறுநாள் இரவு அவர் அந்தத் தகட்டைக் கொண்டுவந்து தலையணை ஓரமாக வைத்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. விளிம்பைக்கூட அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லாத நோவுக்கு அவர் கையால் அடித்த தகடு அது. இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை.

விடிந்ததும் அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "என் அக்கா வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை கண்ணு" என்றார். எனக்கு அதுவரை தெரியாத செய்தி. "ஏற்காடு போக வேண்டும் என்றால் ஏற்காடு போக வேண்டும் என்று சொல். நான் வேண்டாம் என்றா சொல்வேன்?" வெள்ளிக்கிழமை இருவரும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மனுக்கென்று செய்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று அந்தத் தகட்டை என் கையாலேயே போடச் சொன்னார். அதன்பின் நான் உடம்பை வைத்துப் பொய் சொன்னதில்லை.

அந்த ஆண்டு வெள்ளி விலை நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். ஏப்ரல் கடைசியில் கிலோ 70,000 ரூபாயைத் தாண்டி, மே பிறந்ததும் மளமளவென்று சரிந்தது. அவர் மறுபடி வாய் மூடிக்கொண்டார், இந்த முறை திருகாணியும் பலிக்கவில்லை. கால் மடியில் இருக்கும், கண் எங்கோ இருக்கும். மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போனால் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். சாக்கட்டியால் தாயக் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து, "தோற்றவர் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்" என்று பந்தயம் வைத்தேன். முதலில் நான்தான் தோற்றுக்கொண்டிருந்தேன், பாதி நாட்கள் வேண்டுமென்றே. ஆயா கீழே விழுந்த கண்ணாடியைத் தேடியதையும் பால்காரரோடு நடந்த வாக்குவாதத்தையும் சொல்வேன். ஆறாம் நாள் அவர் தோற்றார். காயை உருட்டிக்கொண்டே, உச்ச விலையில் கடன் வாங்கி நான்கு கிலோ வெள்ளி எடுத்ததையும் ஏறக்குறைய 70,000 ரூபாய் போனதையும் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாது என்றார். நான் பி.காம். படித்தவள். மறுநாளே ஒரு நோட்டுப் போட்டு, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று எழுத உட்கார்ந்தோம். பட்டறைக் கணக்கு அன்றிலிருந்து என் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கதைகளையும் சொல்லுங்கள்.

ஏற்காட்டு அக்கா:

தங்கையே, காப்பிப் பூவைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் நான் இருக்கிறேன். எனக்கு 1998-இல் திருமணம். உன்னுடையது சிரித்துக்கொண்டே படிக்கும் கதை. என்னுடையது அப்படி இல்லை, ஆனால் இங்கே இதையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை கூலி வாங்கினால் நேரே மதுக்கடைக்குப் போவார். புதுப்பெண் நான், என்ன செய்வது? சந்தைக்குப் போக வேண்டும், சுமை தூக்க ஆள் இல்லை என்று சொல்லிக் கூலி தரும் இடத்திலேயே போய் நிற்பேன். அரிசி, வெங்காயம், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அவர் தலையிலும் தோளிலும் ஏற்றிவிடுவேன். இரண்டு கையும் நிறைந்தவர் கடைக்குள் நுழைய முடியாது அல்லவா? சில மாதங்கள் நடந்தது. பிறகு சுமையை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகக் கற்றுக்கொண்டார். செருப்பை ஒளித்தேன், சட்டையை நனைத்துப் போட்டேன், பிள்ளையைத் தோளில் ஏற்றிவிட்டேன். ஒரு நாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே போய்விட்டார். அன்றோடு விளையாட்டு முடிந்தது.

மறுநாள் காலை என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் போனேன். கூலியில் பாதியை என் கையில் தர வேண்டும் என்று மாமியாரே பேசினார். மகனை எதிர்த்துப் பேச அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பாதிக் கூலி வீட்டுக்கு வந்தபின்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். குடி முழுதாக நிற்கப் பல வருடங்கள் ஆயின. புதிதாகத் திருமணமான பெண்கள் இதைப் படித்தால், குடிக்கும் கணவனிடமும் கை நீட்டும் கணவனிடமும் தந்திரம் செய்துகொண்டு காலம் கடத்தாதீர்கள். முதல் மாதமே பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை தறிக்காரர் வீடு:

நான் மாமியார் பக்கம். எங்கள் வீட்டில் பட்டு வேட்டித் தறி ஓடுகிறது. மருமகள் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள்.

எனக்குத் தட்டுவடை செட் என்றால் உயிர். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், காரச் சட்னி, பச்சைச் சட்னி வைத்து வாயில் போட்டால் தறிச் சத்தம்கூடக் காதில் விழாது. ஆனால் விதவை மாமியார் தெருப்பண்டம் கேட்டுச் சாப்பிடுவதா என்று நானாகக் கேட்கமாட்டேன். இவள் வாரம் இரண்டு முறை பொட்டலத்தோடு வருவாள். "கடைக்காரர் ஒரு செட் கூடுதலாகக் கட்டிவிட்டார் அத்தை, வீணாகிவிடும்" என்பாள். எந்தக் கடைக்காரர் வாரம் இரண்டு முறை தவறாகக் கட்டுவார்? எனக்கு முதல் நாளே தெரியும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். நானே தெருமுனைக்குப் போய் இரண்டு செட் வாங்கி வந்து, "கடைக்காரர் கூடுதலாகக் கட்டிவிட்டார்" என்று நீட்டினேன். போர்வைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குகைக்காரர்:

ஒரு கணவனாக நானும் சொல்கிறேன். எங்கள் வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில். ஆடிக்குப் புதுப்பெண்ணான என் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய்வீடு பொன்னம்மாபேட்டை. அதுவும் சேலத்துக்குள்ளேதான், ஆனால் ஒரு மாதம் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை அன்று அவளுடைய சித்தி எங்கள் தெருவுக்கு வேடிக்கை பார்க்க வந்தார். பின்னாலேயே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண். அலங்கார வண்டிகளில் சிவனும் காளியும் முருகனுமாக வேடமிட்டவர்கள் வருகிறார்கள், கூட்டம் முழுவதும் வண்டியைப் பார்க்கிறது. நான் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து நின்று, என்னைப் பார்க்காமலே, "கடலை மிட்டாய் பிடிக்கும் என்றீர்களே" என்று பின்கையால் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். வாங்கும்போது என் அம்மா பக்கத்தில்தான் நின்றார். அடுத்த வண்டி வந்ததும் அம்மா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவளுக்குக் கொடுத்துவிட்டு, சாமியைப் பார் என்று என்னை மட்டும் அதட்டினார்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

ஏற்காட்டு அக்கா, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். என் கணவர் பேசாதவராக மட்டும் இருந்ததால்தான் என் விளையாட்டு செல்லுபடியானது என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். தீபாவளி ஆர்டர் வேலை, கையில் கண்ணி கோத்துக்கொண்டே கேட்டார். தட்டுவடை வந்த இடத்தில் சிரித்தார். என் பங்கை முடித்தபோது, "ஓமலூர் போன அன்று நீ படுத்த உடனே எனக்குத் தெரியும். வலி உள்ளவள் மஞ்சள் புடவையை மடித்துத் தலைமாட்டில் எடுத்து வைக்கமாட்டாள்" என்றார். பதினான்கு வருடங்கள் கழித்து இதைச் சொல்கிறார்.